முப்பதாவது நாள்வரை ஆடிப் பார்த்து வயதுக் குறி இடுங்கள்

கைபேசி விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் வாரியங்களுக்கும், செயலி அங்காடிகளை நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம்.

பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை நான். 11 வயது மகனுக்குத் தாய். சில மாதங்களுக்கு முன்பு அவன், வகுப்பில் பலரும் ஆடுகிற ஒரு கைபேசி ஆர்.பி.ஜி. விளையாட்டை, அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கதைக்குள் வளரும் விளையாட்டை, தானும் ஆட வேண்டும் என்று கேட்டான். செயலி அங்காடியில் அதன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 12 வயதுக்கு மேல் என்று உங்கள் குறி இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், கற்பனை வன்முறை, செயலிக்குள் வாங்கும் வசதி, பயனர்கள் ஒருவரோடொருவர் பேசும் வசதி என்று மூன்று குறிப்புகள் இருந்தன. 12 நிறைய இன்னும் சில மாதங்களே இருந்த பிள்ளையிடம் அந்த ஓர் எண்ணைக் காட்டி முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதை நம்பிச் சரி என்று சொல்லவும் துணிவு வரவில்லை. ஆகவே 30 நாள்கள் நானும் அவனோடு உட்கார்ந்து ஆடுவது, நாள்தோறும் நடப்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது, அதன் பிறகு முடிவு செய்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயரை எழுதவில்லை. நான் அதில் கண்டவை இந்த வகையைச் சேர்ந்த இலவச விளையாட்டுகளில் பரவலாக உள்ளவைதான். ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டினால் மற்றவை தப்பித்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். மேலும், என் முறையீடு உங்களிடம்தான். கடையில் நிற்கும் ஒரு பெற்றோருக்குச் சில நொடிகளில் கிடைக்கும் ஒரே ஆலோசனை நீங்கள் இடும் அந்த எண்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை விளையாட்டுகளை நான் வெறுப்பவள் அல்லள். கல்லூரிக் காலத்தில் கணினியில் விரும்பி ஆடியிருக்கிறேன். ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதன் பலவீனங்களோடு தொடங்கி, ஊர் ஊராக நடந்து, வழியில் சந்திப்பவர்களின் கதைகளைக் கேட்டு, எதை முதலில் செய்வது எதைத் தள்ளிவைப்பது என்று கணக்குப் போட்டு வளர்வதில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது கொஞ்சம் அல்ல. நாங்கள் ஆடிய விளையாட்டிலேயே ஆறாம் நாள் ஒரு கட்டம் வந்தது. தோற்று மண்டியிட்ட ஒரு திருடனை விட்டுவிடுவதா, காவலரிடம் ஒப்படைப்பதா என்று திரை கேட்டது. என் மகன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டான். "அவன் தங்கச்சிக்காகத்தானேம்மா திருடினான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலைவரை அந்த முடிவைத் தள்ளிப்போட்டான். அந்த ஒரு நாள் தயக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட கதைகள் வேண்டும் என்பதனால்தான், அவற்றோடு சேர்த்து ஊட்டப்படுவதைப் பற்றி உங்களிடம் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் தரம் வழங்கும் முறை எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். அமெரிக்க மேலவையில் 1993இல் வீடியோ கேம் வன்முறை குறித்து நடந்த விசாரணைகளைத் தொடர்ந்து, 1994இல் அங்கே ஈ.எஸ்.ஆர்.பி. என்ற தர வாரியம் உருவானது. ஐரோப்பாவில் பெகி என்ற வயதுத் தர முறை 2003இல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்தில் விளையாட்டு என்பது கடையில் விற்கும் ஒரு தட்டு அல்லது கார்ட்ரிட்ஜ். விற்ற அன்றே பெரும்பாலும் அது முழுமையான பொருள். உள்ளே எவ்வளவு ரத்தம், எத்தகைய வசை, எந்த அளவு ஆபாசம் என்று பார்த்து ஓர் எண்ணைக் குத்திவிட்டால், பத்தாண்டு கழித்து எடுத்துப் போட்டாலும் அந்த எண் பொருந்தும். பிறகு கைபேசிகள் வந்தன. நாள்தோறும் அங்காடிக்கு வந்து சேரும் செயலிகளை ஆள் வைத்துப் பார்க்க முடியாத நிலையில், 2013இல் ஐ.ஏ.ஆர்.சி. என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. உருவாக்கியவரே ஒரு வினாத்தாளை நிரப்புகிறார்; அதன் விடைகளிலிருந்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உரிய எண் தானாகவே கணக்கிடப்படுகிறது. கூகுள் பிளே 2015இல் இம்முறைக்கு மாறியது. ஆப்பிள் தன் அங்காடிக்குத் தனி வினாத்தாள் வைத்திருக்கிறது. 2025இல் 12+, 17+ என்ற பழைய படிகளை விட்டு, 13+, 16+, 18+ என்று படிகளை மாற்றியமைத்தது. படிகள் மாறினாலும் விடை எழுதுபவர் விளையாட்டை உருவாக்கியவர்தான்.

பொய் விடை எழுதுகிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. தவறு கண்டால் திருத்தும் அதிகாரமும் உங்களிடம் இருக்கிறது. என் மனக்குறை வேறு. வினாத்தாள் பெரும்பாலும் திரையில் என்ன தெரிகிறது என்று கேட்கிறது. நெடுங்காலமாக எண்ணைத் தீர்மானித்து வந்ததும் அதுதான். வாங்கும் வசதி, பேசும் வசதி போன்றவை எண்ணுக்குக் கீழே துணைக் குறிப்புகளாக நின்றுவிடுகின்றன. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினால் உங்கள் எண்ணோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. வாள் இருக்கிறது, ரத்தம் இல்லை. அடிபட்ட பகைவன் புகையாக மறைகிறான். பேச்சு நாகரிகமாக இருக்கிறது. முதல் மணி நேரத்தை மட்டும் பார்த்தால் நான் அதற்கு 9 என்றுகூடப் போட்டிருப்பேன்.

பத்தாம் நாளுக்குப் பிறகு அந்த நோட்டில் ரத்தத்தைப் பற்றியோ வாளைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை 5 மணிக்கு அவன் அறையில் அலாரம் அடித்தது. போய்ப் பார்த்தால், போர்வைக்குள் உட்கார்ந்தபடி, கண் திறக்க முடியாமல், கட்டைவிரலால் திரையைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த விளையாட்டில் சண்டைக்குப் போக 'எனர்ஜி' வேண்டும். 6 நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அது தானாக ஊறும். 120 ஆனதும் நின்றுவிடும். 6ஐ 120ஆல் பெருக்கினால் 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம். மாலை 5 மணிக்கு எல்லாவற்றையும் செலவழித்தவனுக்கு விடியற்காலை 5 மணிக்குத் தொட்டி நிறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் தூங்கும் ஒவ்வொரு 6 நிமிடமும் நட்டம். "வீணாகுதும்மா" என்றான். நான் பாடம் நடத்தும் பெருக்கல் வாய்ப்பாட்டை என் பிள்ளை இவ்வளவு அக்கறையாக வேறெங்கும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அந்தக் காலை நேரத்தில் எனக்கு அதில் மகிழ்ச்சி வரவில்லை. அவனை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, அசிங்கமாக ஏதும் காட்டவில்லை. ஆனால் ஓய்வெடுப்பது இழப்பு என்று ஒரு கணக்கு அவனுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் வினாத்தாளில் இதற்கு எந்தக் கட்டம்?

எனர்ஜிகூட ஒருவகையில் பரவாயில்லை. அலாரத்தைப் பிடுங்கி வைத்துவிட்டேன். குலுக்கல்தான் என்னை உண்மையில் கலங்கடித்தது. இவ்வகை விளையாட்டுகளில் புதிய வீரர்களும் நல்ல ஆயுதங்களும் 'காச்சா' என்னும் குலுக்கலில்தான் கிடைக்கின்றன. ஜப்பானில் காசு போட்டுப் பிடியைத் திருகினால் உள்ளே என்ன பொம்மை என்று தெரியாமல் ஓர் உருண்டை விழும் பெட்டிகள் உண்டு. காச்சா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஒரு தொகுதியின் எல்லா அட்டைகளையும் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற 'கம்ப்ளீட் காச்சா' முறையை ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை 2012இலேயே சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. மற்ற வடிவங்கள் தொடர்ந்தன, உலகெங்கும் பரவின.

என் மகன் இந்தக் குலுக்கலை இழுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பொத்தானைத் தொட்டதும் திரை இருள்கிறது. வானத்திலிருந்து ஓர் ஒளிக்கீற்று இறங்குகிறது. நீலமாக இருந்தால் சாதாரணப் பொருள், ஊதாவாக மாறினால் கொஞ்சம் நல்லது, பொன்னிறமானால் அபூர்வம். அந்த ஒளி நீலத்தில் நின்று, ஒரு நொடி துடித்து, ஊதாவாகி, மறுபடி துடிக்கும்போது என் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். முடிவு எதுவென்பது பொத்தானைத் தொட்டவுடனேயே தீர்மானமாகிவிடக்கூடியது. அந்த ஒளியின் துடிப்பு அதை மாற்றப்போவதில்லை. எதிர்பார்ப்பை நீட்டுவதற்காக மட்டுமே சேர்க்கப்பட்ட அந்தச் சில நொடிகள்தான் 11 வயதுப் பிள்ளையின் மார்பில் அடித்துக்கொண்டிருந்தன.

குலுக்கலில் எது கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்ற நிகழ்தகவை வெளியிட வைத்துவிட்டோமே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். சீனாவில் 2017 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். ஆப்பிள் 2017 டிசம்பரிலும் கூகுள் 2019இலும் தம் அங்காடி விதிகளில் அதைச் சேர்த்தன. தென் கொரியாவில் 2024 மார்ச் 22 முதல் சட்டமே அதைக் கேட்கிறது. வெளியிடும் எண் மெய்யாக இருப்பதற்குக் கண்காணிப்பு வேண்டும் என்பதும் தெரிந்ததே: மேபிள்ஸ்டோரி விளையாட்டில் நிகழ்தகவை மாற்றியதைப் பயனர்களுக்குச் சரிவரத் தெரிவிக்கவில்லை என்று, அதே 2024இன் தொடக்கத்தில் தென் கொரிய நியாய வணிக ஆணையம் நெக்சான் நிறுவனத்துக்கு 1,100 கோடி வொன்னுக்கும் மேல் அபராதம் விதித்தது. இவை எல்லாமே தேவையான நடவடிக்கைகள். ஆனால் மெய்யான எண்ணைக் கண்முன் வைத்தாலும் குழந்தைக்கு அது எப்படிப் படுகிறது என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

எங்கள் விளையாட்டில் அவன் விரும்பிய வீராங்கனைக்கு 1 சதவீதம் என்று போட்டிருந்தது. "அப்போ 100 தடவை இழுத்தா ஒண்ணு கண்டிப்பா வந்துடும்லம்மா?" என்று கேட்டான். வாயால் விளக்கிப் பார்த்தேன், பயனில்லை. பழைய தாள்களைக் கிழித்து 100 சீட்டுகள் மடித்து, ஒன்றில் மட்டும் சிவப்புப் புள்ளி வைத்து, ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். எடுக்க வேண்டும், பிரித்துப் பார்க்க வேண்டும், மடித்துத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். முதல் சுற்றில் 100 முறை எடுத்தும் சிவப்பு வரவில்லை. இரண்டாம் சுற்றில் 41ஆம் முறை வந்தது. மூன்றாம் சுற்றில் மறுபடியும் வரவில்லை. அவன் பெட்டியையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "திருப்பிப் போடாம எடுத்திருந்தா கண்டிப்பா வந்திருக்கும், இல்லம்மா?" என்றான். அந்த ஒரு கேள்வியில் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது. திருப்பிப் போடும்போது, 1 சதவீத வாய்ப்பை 100 முறை முயன்றும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போவதற்கான நிகழ்தகவு 36 சதவீதத்துக்கும் சற்று மேல். நூறு குழந்தைகள் நூறு முறை இழுத்தால், ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு எழுவார்கள். மேல்வகுப்பு மாணவர்களே இதில் தடுமாறுவதை ஆண்டுதோறும் வகுப்பில் பார்க்கிறேன். "1%" என்று ஒரு மூலையில் அச்சிட்டுவிட்டு, 12 வயதுப் பிள்ளைக்குத் தெரிவித்துவிட்டோம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு ஒரு பரிகாரமாக, குறிப்பிட்ட எண்ணிக்கை தோற்றுவிட்டால் அடுத்தது உறுதி என்ற விதியைப் பல விளையாட்டுகள் வைத்திருக்கின்றன. ஆடுவோர் அதை 'பிட்டி' என்கிறார்கள். இரக்கம் என்று பொருள். வரம்பில்லாமல் தோற்பதைவிட அது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்: "இன்னும் 22 தான்" என்று அவன் சொன்ன அன்றிலிருந்துதான், தன் சேமிப்பை எடுத்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்கத் தொடங்கினான். எல்லை ஒன்று கண்ணுக்குத் தெரிந்ததும், நடுவில் நிறுத்துவது அதுவரை இழுத்ததையெல்லாம் தூக்கி எறிவதுபோல் ஆகிவிட்டது.

பணம் எங்கே போகிறது என்பதும் தெளிவாகத் தெரிவதில்லை. பணத்துக்குப் படிகம் வாங்க வேண்டும், படிகத்தை ரத்தினமாக மாற்ற வேண்டும், ரத்தினத்துக்குச் சீட்டு வாங்க வேண்டும், சீட்டைக் கொடுத்துத்தான் இழுக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு 160 ரத்தினம். பொதியாக வருவது 300. ஒரு சீட்டு வாங்கியபின் 140 மிஞ்சி நிற்கும், இன்னும் 20 இருந்தால் போதுமே என்று கண்ணை உறுத்தும். இது என் ஒருத்தியின் எரிச்சல் அல்ல. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடர்ந்த வழக்கில் இந்த அடுக்கு நாணயமும் பேசப்பட்டது. வாய்ப்பையும் செலவையும் பற்றிக் குழந்தைகளைக் குழப்பியதாக ஆணையம் கூறியது. 2025 ஜனவரியில் எட்டப்பட்ட உடன்பாட்டில் அந்நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. பெற்றோர் இசைவின்றி 16 வயதுக்குக் கீழானவர்களுக்கு லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன என்று தெரியாமல் வாங்கும் குலுக்கல் பெட்டி, விற்கக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. இங்கே உங்கள் கவனத்துக்கு ஒன்று: அந்த விளையாட்டுக்கு ஐரோப்பாவில் பெகி வழங்கிய எண் 12. ஒரு நாட்டின் வணிக ஆணையம் 16க்குக் கீழே பெற்றோரைக் கேட்காமல் விற்காதே என்று தடுக்கும் ஒன்றின் மேல், இன்னொரு வட்டாரத்தின் குறி 12 என்று நின்றது.

கில்டைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். எங்கள் விளையாட்டில் ஒரு நிலைக்கு மேல் கில்டில் சேராமல் முன்னேற முடியாது. 30 பேர் கொண்ட குழு. 3 நாள் வராதவர் நீக்கப்படுவார் என்று அதன் தலைவர் விதி எழுதி வைத்திருந்தார். பத்தொன்பதாம் நாள் என் மகனுக்குக் காய்ச்சல். உடம்பு கொதிக்கிறது, கைபேசியைக் கேட்கிறான். "நான் அடிக்கலைன்னா கில்டுல எல்லாரும் தோத்துடுவாங்கம்மா" என்கிறான். நட்பும் பொறுப்பும் நல்ல குணங்கள். குழுவுக்காக நிற்கும் பிள்ளையைக் கண்டால் எந்த ஆசிரியைக்கும் பெருமையாகத்தான் இருக்கும். அந்த நல்ல குணத்தையே பிடித்து, காய்ச்சலில் கிடப்பவனை எழுப்புகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் அதே கில்டில் முன்பின் தெரியாத ஒருவர் அவனிடம், "தம்பி, வயசு என்ன, எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டார். பிறகு, தன்னிடம் ஒரு நல்ல விளையாட்டுக் கணக்கு சும்மா இருப்பதாகவும், வேறொரு அரட்டைச் செயலிக்கு வந்தால் தருவதாகவும் எழுதினார். நான் பக்கத்தில் இருந்ததால் அவன் திரையை என் பக்கம் திருப்பினான். அந்த மனிதரின் நோக்கம் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் காத்திருக்கவும் இல்லை. அந்த விளையாட்டின் அரட்டையில் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வசைச் சொல் எழுதினால் உடுக்குறிகளாக மாற்றிவிடும். அந்த மனிதர் எழுதியதில் ஒரு வசைச் சொல்கூட இல்லை. உங்கள் குறிப்பில் 'பயனர்கள் ஒருவரோடொருவர் பேசலாம்' என்று ஒரே வரிதான் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிவைத்த பத்து வாழ்த்துகளில் ஒன்றைத் தொட்டு அனுப்புவதும் அந்த வரிதான். உலகின் எந்த மூலையில் இருக்கும் எந்த வயதினரும் தனிச்செய்தி அனுப்பலாம் என்பதும் அதே வரிதான். இரண்டையும் ஒன்றாக எழுதுவது பெற்றோருக்கு எதையும் சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 30 நொடி பார்த்தால் ஒரு பெட்டி என்று அவன் பார்த்த விளம்பரங்களில் இரண்டு, அவன் வயதுக்கு எந்த வகையிலும் பொருந்தாத வேறு விளையாட்டுகளுடையவை. 12 என்ற குறியுள்ள பக்கத்துக்குள் அவை எப்படி வந்தன என்பதை அங்காடி நடத்துவோர்தாம் விளக்க வேண்டும்.

பெற்றோர் கட்டுப்பாட்டு வசதிகள் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்துங்கள் என்பது வழக்கமான பதில். பயன்படுத்தினேன். அவை உங்கள் எண்ணைப் பார்த்தே கதவைத் திறக்கின்றன, அடைக்கின்றன. எண் தவறாக இருந்தால் பூட்டும் தவறாகத்தான் திறக்கும். வாங்குவதற்குக் கடவுச்சொல் வைத்தேன், பணம் போகவில்லை. ஆனால் குலுக்கல் நிற்கவில்லை. நாள்தோறும் நுழைவதற்கும் வேலைகளை முடிப்பதற்கும் இலவச ரத்தினங்கள் தருகிறார்கள், அவற்றை வைத்து அவன் இழுத்துக்கொண்டேதான் இருந்தான். பணம் செலவழிந்தால்தான் தீங்கு என்று சட்டங்கள் பல எண்ணுகின்றன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றபோதும், பணயம் வைப்பது அதன் அடிப்படைகளில் ஒன்றாக இருந்தது. சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். பிள்ளையின் பழக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் எனக்கு, இலவச ரத்தினத்தில் பழகும் கைதான் நாளை காசில் இழுக்கும் கை என்றே தோன்றுகிறது.

இன்னொரு பதிலும் வரக்கூடும்: நோய் என்ற அளவுக்கு முற்றுவது மிகச் சிலருக்குத்தானே என்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, விளையாட்டுக் கோளாறும் அதில் இடம்பெற்றது. கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, தீங்கு தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும், வழக்கமாக 12 மாத காலத்துக்குக் காணப்பட வேண்டும் என்கிறது அந்த வரையறை. என் மகன் அதில் எங்கும் வரமாட்டான். அலாரத்தை எடுத்ததும் மறுநாள் நன்றாகத் தூங்கினான். வயதுக் குறி என்பது நோயாளிகளைக் கணக்கெடுக்கும் கருவியன்று. ஒரு விளையாட்டில் ரத்தம் அதிகம் என்று நீங்கள் 16 போடும்போது, அதை ஆடிய பிள்ளைகளுக்கு நோய் வந்ததா என்று கேட்டுவிட்டா போடுகிறீர்கள்? அதே முன்யோசனையைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

வழி இல்லாமலும் இல்லை. ஜெர்மனியில் சிறார் பாதுகாப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு, அங்கே விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் வழங்கும் யூ.எஸ்.கே. அமைப்பு 2023 தொடக்கம் முதல் குலுக்கல், ஆடச்சொல்லி நெருக்கும் ஏற்பாடுகள், அரட்டை ஆகியவற்றையும் எடை போட்டு எண்ணைத் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் 22 முதல், காசு கொடுத்து இழுக்கும் குலுக்கல் உள்ள விளையாட்டுக்கு, 15 வயதுக்குக் கீழே பரிந்துரைக்கப்படாத 'எம்' குறியே குறைந்தபட்சம். ரத்தம் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே இரண்டாம் கேள்வி. நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தேதிக்கு முன் தரம் பெற்றவை, மாற்றம் செய்யப்படாதவரை, பழைய குறியோடே தொடரலாம் என்பது பெரிய ஓட்டை. ஈ.எஸ்.ஆர்.பி.யும் பெகியும் 2020இல் 'தற்செயல் பொருள்கள் அடங்கும்' என்ற குறிப்பைச் சேர்த்தன. குறிப்பைச் சேர்ப்பது எண்ணை மாற்றுவதற்கு ஈடாகாது என்பதை, அந்தச் சிறிய எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்த ஒரு தாயாகச் சொல்கிறேன். நேரத்துக்கு மட்டும் வரம்பு வைப்பதிலும் எனக்கு நிறைவு இல்லை. சீனா 2021இல் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை என்று சிறாருக்குக் கட்டுப்பாடு விதித்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளும் குலுக்கல் குலுக்கல்தான். திருடனை விடுவதா வேண்டாமா என்று யோசிக்க வைத்த கதைக்கும் அதே ஒரு மணி நேரம்தான்.

ஆகவே நான் கேட்பது இது. அதிகம் ஆடப்படும் ஆர்.பி.ஜி. விளையாட்டுகளையாவது, உங்கள் ஆள் ஒருவர் குழந்தைக் கணக்கில் நுழைந்து, காசு செலவழிக்காமல், நாள் தவறாமல் 30 நாள்கள் ஆடட்டும். அந்த விளையாட்டு எந்த மணிக்கு அவரை எழுப்புகிறது, ஒரு நாள் போகாவிட்டால் எதை இழக்கிறார், யார் யார் அவரிடம் பேச வருகிறார்கள் என்பதை அவர் எழுதி வைக்கட்டும். முதல் வாரம் தாராளமாகக் கொடுத்துவிட்டு மூன்றாம் வாரம் இறுக்குவது இந்த வகையின் இயல்பு. ஒரு மணி நேரம் ஆடுபவருக்கோ பதிவு செய்த காட்சிகளைப் பார்ப்பவருக்கோ அது ஒருபோதும் தெரியவராது. குலுக்கல் இருக்கிறது என்றால், காசுக்கோ இலவசத்துக்கோ, அதுவே எண்ணை உயர்த்தப் போதுமான காரணமாக இருக்கட்டும். தெரியாதவர் தனிச்செய்தி அனுப்ப முடியும் என்பதும் அப்படியே. குழந்தைக் கணக்கில் அந்தக் கதவு தொடக்கத்திலேயே சாத்தியிருந்தால் எண்ணைக் குறைத்துக் கொடுங்கள், எனக்கு மறுப்பில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் அது இடப்பட்ட தேதியையும் அச்சிடுங்கள். இவ்விளையாட்டுகள் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. புதிய கதை, புதிய உடைகள், புதிய குலுக்கல் எல்லாம் வருகின்றன. மாற்றம் பெரிதாக இருந்தால் உருவாக்கியவர் மீண்டும் வினாத்தாளை நிரப்ப வேண்டும் என்று விதி இருப்பதை அறிவேன். எது பெரிது என்பதை அவரே தீர்மானிக்கும்வரை அந்த விதிக்குப் பல் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது குறி தானாகவே காலாவதியாகட்டும்.

குறிப்புகளை மனிதர் பேசும் மொழியில் எழுதுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 'செயலிக்குள் வாங்கும் வசதி' என்பதற்குப் பதிலாக, 'இதில் வீரர்கள் குலுக்கலில்தான் கிடைப்பார்கள்' என்று எழுதலாம். 'ஒரு நாள் ஆடாவிட்டால் சேர்ந்தது வீணாகும்' என்று எழுதலாம். 'அறிமுகமில்லாத பெரியவர்கள் உங்கள் பிள்ளைக்குச் செய்தி அனுப்ப முடியும்' என்று எழுதலாம். இவற்றைப் படிக்கும் தாய்க்கோ தந்தைக்கோ அகராதி தேவைப்படாது.

முப்பத்தோராம் நாள் நானும் மகனும் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கதை வேண்டும், கில்டு வேண்டாம், குலுக்கல் வேண்டாம் என்று அவனே சொன்னான். அமைப்புப் பக்கம் முழுவதும் தேடினோம். அவற்றை அணைத்துவிட்டுக் கதையை மட்டும் ஆட அந்த விளையாட்டில் வழி இல்லை. அவனே அதை நீக்கினான். கொஞ்சம் அழுதான். பிறகு தேடி, ஒருமுறை வாங்கினால் முழுவதும் கிடைக்கும், இணையமே தேவைப்படாத, குலுக்கலோ அரட்டையோ இல்லாத வேறொரு ஆர்.பி.ஜி.யைக் கண்டுபிடித்தோம். அவன் நிறுத்திய இடத்தில் அது நிற்கிறது. ஒரு வாரம் கழித்து வந்தாலும் அங்கேயே காத்திருக்கிறது. இரண்டு விளையாட்டுகளின் அங்காடிப் பக்கங்களையும் இந்த மடலை எழுதும் முன் மறுபடி அருகருகே திறந்து பார்த்தேன். இரண்டிலும் உங்கள் குறி 12 என்றே இருக்கிறது.

இதற்கான உங்கள் பதிலை, எனக்குத் தனியாக எழுதாமல், எல்லாப் பெற்றோரும் படிக்கும்படி வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை, ஒரு தாய்